கம்பளி நூலுக்கு இயற்கைச் சாயம்

சாயம் போடக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தப் பூவில் என்ன நிறம் வரும்?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் பதில் இருக்கிறது. அதற்கு முன் ஆட்டின் முதுகையும் கழுவும் தொட்டியையும் படிகாரத்தையும் பற்றிப் பேசியாக வேண்டும். நிறம் நிற்குமா, ஓடிவிடுமா என்பது சாயத் தண்ணீரில் நூலை இறக்குவதற்கு முன்பே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. நன்றாகக் கழுவி, அளவாகப் படிகாரம் ஏற்றிய நூல் வெறும் வெங்காயத் தோலில்கூடப் பளிச்சென்று எழும்பும். அரைகுறையாகக் கழுவிய நூலை எவ்வளவு உயர்ந்த அவுரியில் முக்கினாலும் திட்டுத்திட்டாகத்தான் வெளியே வரும்.

நீலகிரியிலோ கொடைக்கானல் மலையிலோ கொஞ்சம் நிலம் வைத்துக்கொண்டு நாலைந்து செம்மறி வளர்ப்பவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பருத்தியில் இயற்கைச் சாயம் போட்டுப் பழகியவர்களும் இதைப் படிக்கலாம். ஆனால் அங்கே கற்றதில் பாதியை மறக்க வேண்டியிருக்கும். பருத்திக்குக் கடுக்காய் ஊறல் இல்லாமல் வேலை நடக்காது. கம்பளி புரதம், நம் தலைமுடியைப் போலவே கெரட்டினால் ஆனது. படிகாரமும் சாயமும் தாமாகவே அதில் போய் ஒட்டிக்கொள்ளும், கடுக்காய் வேண்டியதில்லை. அதே சமயம் பருத்தி தாங்குகிற காரத்தையும் கொதியையும் அடித்துத் துவைப்பதையும் கம்பளி தாங்காது. ஒவ்வொரு மயிரின் மேலும் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருக்கின்றன. சூடும் சோப்பும் உரசலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இறுகிவிடும். அப்படி இறுகியதைப் பிரிக்க வழியே கிடையாது.

ரோமத்தைப் பார்த்து எடுப்பது

நீலகிரிச் செம்மறி 19-ஆம் நூற்றாண்டில் உருவான இனம். கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆடுகளோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய இனங்களைச் சேர்த்ததில் வந்தது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்தைப் பேணிவருகிறது. எண்ணிக்கையில் வெகுவாகச் சுருங்கிப்போன இனம் இது. வீட்டில் நாலு நீலகிரி ஆடு வைத்து, அதன் ரோமத்துக்கும் ஒரு பயன் கண்டுபிடிப்பவர்கள் அந்த இனம் பிழைத்திருக்கக் காரணம் ஒன்றைக் கூட்டுகிறார்கள். இந்த வேலையில் எனக்கு இருக்கும் ஈடுபாட்டுக்கு அதுவும் காரணம். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் ரோம ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. அங்கே வளர்க்கும் பாரத் மெரினோவின் ரோமம் இன்னும் மெல்லியது. சமவெளியின் கோயம்புத்தூர்க் குறும்பையும் திருச்சிக் கருங்குறும்பையும் தடித்த ரோமம் தருபவை. கழுத்தைச் சுற்றிப் போட்டால் குத்தும், விரிப்புக்கு நன்றாக உழைக்கும். கருங்குறும்பையின் கறுப்புக்கு மேல் சாயம் தெரியாது, அதற்குச் சாயம் தேவையும் இல்லை.

நீலகிரி ஆட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கத்தரித்தால் ஓர் ஆட்டிடம் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். கழுவியதும் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அழுக்காகவும் கொழுப்பாகவும் போய்விடும். மெரினோக் கலப்பு அதிகமானால் பாதிவரைகூடப் போகும். பெரியவர்களுக்கான ஒரு ஸ்வெட்டருக்கு 500 முதல் 600 கிராம் நூல் வேண்டும். ஆகவே நாலைந்து ஆடு வைத்திருப்பவருக்கு ஒரு கத்தரிப்பில் இரண்டு மூன்று உருப்படி தேறும். கடையில் போட்டியிட்டு விற்க இது போதாது. ஒரு குடும்பத்துக்கும் கொஞ்சம் கைவினைப் பொருளுக்கும் தாராளம்.

கத்தரித்த ரோமத்தைப் பழைய போர்வை மேல் விரித்துப் போடுங்கள். வயிற்றுப் பக்கம், தொடை, வால் ஆகிய இடங்களிலிருந்து வந்தவற்றில் சாணம் ஒட்டியிருக்கும். அவற்றைப் பிய்த்து ஒதுக்கிவிடுங்கள். ஒதுக்கியது வீணாகாது. தக்காளிச் செடிக்கடியில் மூடாக்காகப் போட்டால் ஈரம் காக்கும், மெதுவாக மக்கித் தழைச்சத்தும் தரும். மீதியில் ஒரு கற்றையை உருவி, இரு முனையையும் இரு கை விரல்களால் பிடித்து, காதோரம் வைத்துச் சுண்டி இழுத்துப் பாருங்கள். வலுவான ரோமம் 'டங்'கென்று நாண் போல ஒலிக்கும். நைந்த ரோமம் சரசரவென்று நடுவில் அறும். ஆடு காய்ச்சலில் கிடந்த நாட்களோ, தீவனம் இல்லாத கோடையோ ரோமத்தின் நீளத்தில் ஒரு மெலிவாகப் பதிந்திருக்கும். அந்த இடத்தில்தான் அறுகிறது. அறுகிற ரோமத்துக்குச் சாயம் போட்டு நேரத்தைச் செலவிடாதீர்கள். ஃபெல்ட் (அழுத்தி இறுக்கிய கம்பளித் துணி) செய்ய எடுத்து வையுங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நீலகிரி ரோமத்தில் இடையிடையே சுண்ணாம்பு வெள்ளையாக, விறைப்பாக, மடக்கினால் முறிகிற தடித்த மயிர்கள் இருக்கும். உள்ளே கூடு விட்ட மயிர்கள் அவை. எந்தச் சாயத்திலும் மற்றதைவிட வெளிறியே தெரியும். கையில் அகப்படுகிறவரை பொறுக்கிப் போடுங்கள். எஞ்சியவை நூலுக்கு ஒரு நரைத்த சாயலைத் தரும். எனக்கு அது பிடித்தே இருக்கிறது.

கழுவுதல்

ஆட்டு ரோமத்தில் இரண்டு வகைப் பிசுக்கு உண்டு. ஒன்று வியர்வை உப்பு. அதில் சாம்பல்சத்து நிறைய. குளிர்ந்த தண்ணீரிலேயே கரைந்துவிடும். ஆகவே முதல் நாள் இரவு ரோமத்தைச் சாதாரணத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தப் பழுப்புத் தண்ணீரைக் காய்கறிப் பாத்திக்கு விடுங்கள். இரண்டாவது லனோலின் என்கிற கொழுப்பு. 40 டிகிரி அளவில்தான் அது உருகத் தொடங்கும்; ரோமத்தை விட்டுப் பிரிய 60 டிகிரி வேண்டும். கை பொறுக்கிற சூட்டில் கழுவினால் கொழுப்பு போகாததற்கு இதுதான் காரணம். கை பொறுக்கிற சூடு 45 டிகிரிக்குள் முடிந்துவிடும். பால் பண்ணைகளில் பயன்படுத்துகிற வெப்பமானி ஒன்றை வாங்கிவிடுங்கள். இந்தத் தொழிலில் தவறாமல் வாங்க வேண்டிய கருவிகள் அதுவும் ஒரு நல்ல தராசும்தான்.

வெங்காயம் வருகிற வலைப்பையில் ரோமத்தைத் தளர்வாக அடையுங்கள். 60 டிகிரித் தண்ணீரில் பூந்திக்கொட்டைச் சாறோ, காரம் அதிகம் இல்லாத திரவ சோப்போ கலந்து, நுரையை அடக்கிவிட்டுப் பையை உள்ளே அமுக்குங்கள். அமுக்குவதோடு சரி. கசக்கக் கூடாது, கிண்டக் கூடாது, மேலே குழாயைத் திறந்துவிடக் கூடாது. 20 நிமிடம் கழித்து, தண்ணீர் ஆறுவதற்குள் பையை எடுத்துவிட வேண்டும். ஆற விட்டால் உருகிய கொழுப்பு மறுபடி ரோமத்தின் மேலேயே படியும். கையில் உறையும் ஒரு கோலும் இருக்கட்டும். அதே சூட்டில் இன்னொரு சோப்புத் தண்ணீர், பிறகு அதே சூட்டில் இரண்டு வெறுந்தண்ணீர். சூடு ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் குதிக்காமல் இருந்தால் ரோமம் இறுகாது. காய்ந்தபின் விரலிடையில் தேய்த்தால் பிசுபிசுப்பு இருக்கக் கூடாது. இருந்தால் இன்னொரு முறை கழுவுங்கள், சோம்பல் வேண்டாம். சாயம் திட்டுத்திட்டாக விழுவதற்குப் பெரும்பாலும் அந்தப் பிசுபிசுப்புதான் காரணம்.

மலையில் இருப்பவர்களுக்குத் தண்ணீரில் ஓர் அனுகூலம் உண்டு. ஊற்றுத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் மென்மையானவை. சோப்பு நன்றாக நுரைக்கும், நிறம் தெளிவாக வரும். சமவெளியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூடுதல், சில இடங்களில் இரும்பும் உண்டு. துருப்பிடித்த குழாய் வழியாக வருகிற தண்ணீர் எந்த மஞ்சளையும் அழுக்கு மஞ்சளாக்கிவிடும். சந்தேகமாக இருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்துப் பயன்படுத்துங்கள்.

நூற்றபின் சாயம் போடுவதா, நூற்கும் முன்பா? பழகுகிறவர்களுக்கு நூற்றபின் போடுவதையே சொல்வேன். நூலைச் சிட்டமாகச் சுற்றி, நாலு இடங்களில் பருத்தி நூலால் எட்டு வடிவில், விரல் நுழைகிற தளர்வோடு கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. நூலைக் கடையில் வாங்குகிறவர்கள் ஒரு முனையைக் கொளுத்திப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. 'உல்லன்' என்று விற்கப்படுகிற பல நூல்கள் அக்ரிலிக். கம்பளி முடி கருகுகிற வாடையோடு எரிந்து தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். அதில் இந்த அத்தியாயத்தின் எந்தச் சாயமும் ஒட்டாது.

படிகாரம்

எல்லா அளவையும் காய்ந்த நூலின் எடையை வைத்தே கணக்கிட வேண்டும். 100 கிராம் நூலுக்கு 12 கிராம் படிகாரம், 5 கிராம் டார்ட்டர் உப்பு, 4 லிட்டர் தண்ணீர். பேக்கரிச் சாமான் விற்கிற கடையில் 'கிரீம் ஆஃப் டார்ட்டர்' என்று கேட்டால் டார்ட்டர் உப்பைத் தருவார்கள். படிகாரம் சீராக ஏறவும் நூல் மென்மையாக இருக்கவும் அது உதவுகிறது. கிடைக்காவிட்டால் படிகாரத்தை 15 கிராமாக்கி அதை மட்டும் போடலாம். புளிக் கரைசலை வடிகட்டி ஊற்றலாம்; புளியில் இருப்பதும் டார்ட்டாரிக் அமிலம்தான். ஆனால் புளியின் பழுப்பு நூலில் ஏறும். சிவப்புச் சாயங்களுக்கு அது குறையாகத் தெரியாது, மஞ்சளுக்குத் தெரியும். படிகாரத்தை 20 கிராமுக்கு மேல் போட்டால் நூல் பிசுபிசுக்கும். நிறம் கூடுதலாக வரும் என்று நினைத்துப் போடாதீர்கள்.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். சமையலுக்குப் புழங்கும் அண்டாவை இதற்கு எடுக்கவே கூடாது; சாயத்துக்கென்று எடுத்தது சாயத்துக்கு மட்டும்தான். அலுமினியமும் இரும்பும் தாங்களே நிறத்தை மாற்றுகிறவை. படிகாரத்தை வெந்நீரில் கரைத்து அண்டாவில் சேர்த்து, ஒரு மணி நேரமாவது வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறிய நூலை இறக்குங்கள். காய்ந்த நூலை நேராக இறக்கினால் மேல்பக்கம் குடித்துவிடும், உள்பக்கம் பட்டினி கிடக்கும். சின்னத் தீயில் ஒரு மணி நேரம் எடுத்து 85 டிகிரிக்குக் கொண்டுபோய், அங்கேயே முக்கால் மணி நேரம் நிறுத்தி, அடுப்பை அணைத்துவிட்டு இரவு முழுவதும் ஆற விடுங்கள்.

மலையில் ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. சமவெளியில் எழுதப்பட்ட குறிப்புகள் "கொதி வருவதற்குச் சற்று முன்பு" என்று கண்ணளவில் சொல்லும். ஊட்டியின் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடியில் குமிழி எழுகிறதே என்று அங்கே அடுப்பைக் குறைத்தால் போதிய சூடு ஏறியிருக்காது. கொஞ்சம் கவனம் தப்பினால் நேராகக் கொதிக்குப் போய் நூல் புரண்டு இறுகிவிடும். ஆகவே கண்ணளவை நம்பாமல் வெப்பமானியையே நம்புங்கள்.

நூலை எடுத்தபின் இந்தப் படிகாரத் தண்ணீரைச் சாக்கடையில் விட வேண்டாம். இன்னும் கொஞ்சம் படிகாரம் சேர்த்து அடுத்த நூலுக்குப் பயன்படுத்தலாம். முடிந்தபின் நிறையத் தண்ணீர் கலந்து, அமில மண் விரும்புகிற ஹைட்ரேஞ்சியாச் செடிக்கு எப்போதாவது ஊற்றலாம். அந்தப் பூவின் நீலத்துக்கு அலுமினியம் வேண்டும்.

படிகாரத்துக்குப் பதிலாகக் குரோமியம், வெள்ளீயம் இரண்டையும் பழைய புத்தகங்கள் பரிந்துரைக்கும். வீட்டுக்குள் அவை வரவே கூடாது. மயில்துத்தமும் வேண்டாம், ஓடையில் கலந்தால் மீன் சாகும். நமக்குப் படிகாரமும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் போதும். அன்னபேதியையும் குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்க வேண்டும். விழுங்கினால் அவர்களுக்குக் கடும் நஞ்சு.

மஞ்சிட்டிச் சிவப்பு

கம்பளிக்கு நம் நாட்டில் கிடைக்கிற சாயங்களில் நான் முதலிடம் தருவது மஞ்சிட்டிக்கு. நாட்டு மருந்துக் கடையில் வேராகவோ தண்டாகவோ கிடைக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலை ஓரங்களில் நாலு நாலு இலையாகக் கணுவைச் சுற்றி விட்டு, சொரசொரவென்று படர்கிற கொடி இதுதான். காட்டிலிருந்து பிடுங்காதீர்கள். வேரை எடுத்தால் கொடி போய்விடும், காட்டுக்குள் கைவைப்பது சட்டப்படியும் குற்றம். வேலியோரம் நட்டுவிட்டால் இரண்டு மூன்று வருடத்தில் வேர் தடிக்கும். அதுவரை கடையில் வாங்குங்கள்.

100 கிராம் நூலுக்கு 100 கிராம் வேர். இடித்துத் தண்ணீரில் சிறிது நேரம் ஊறவைத்து, முதலில் வருகிற மஞ்சள் பழுப்புத் தண்ணீரைத் தனியாக எடுத்துவிடுங்கள். அது சிவப்பை மங்கவைக்கும். அதைத் தனியே ஒரு மண்ணிற நூலுக்குப் பயன்படுத்தலாம். பிறகு புதுத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறட்டும். மறுநாள் வேரை வலைத்துணியில் கட்டி அண்டாவிலேயே கிடக்க விட்டு, படிகாரம் ஏற்றிய ஈர நூலை இறக்கி, மெதுவாக 65 டிகிரிக்கு வாருங்கள். 75-ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் வேரிலுள்ள பழுப்பு நிறங்கள் இறங்கிச் செங்கல் நிறம் காவியாக மாறும். ஒரு மணி நேரம் அந்தச் சூட்டில் வைத்திருந்து, பிறகு ஆற விடுங்கள்.

மலைத் தண்ணீரின் மென்மை இங்கே மட்டும் குறையாகிறது. மஞ்சிட்டிக்குச் சுண்ணாம்புச் சத்து இருந்தால்தான் சிவப்பு ஆழமாகும். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்துப் பொடித்து ஒரு தேக்கரண்டி சேர்த்தால் போதும். வெற்றிலைச் சுண்ணாம்பைப் போடாதீர்கள், அதன் காரம் கம்பளிக்கு ஆகாது. முதல் நூலை எடுத்தபின் அதே தண்ணீரில் இரண்டாவது சிட்டத்தை இறக்கினால் ஆரஞ்சு கலந்த சிவப்பும், மூன்றாவதில் வெளிர் இளஞ்சிவப்பும் கிடைக்கும். மூன்றையும் அருகருகே வைத்துப் பின்னினால் ஒரே குடும்பத்து நிறங்களாக நன்றாக இணங்கும். வேரைத் தூக்கிப் போடும் முன் இந்த மூன்றையும் எடுத்துவிடுங்கள்.

இன்னும் ஆழ்ந்த செம்மை வேண்டுகிறவர்கள் கொம்பரக்குக்குப் போகலாம். கொம்போடு ஒட்டிய அரக்கைப் பொடித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சலவைச் சோடா சேர்த்து ஊறவைத்தால் சிவப்பு இறங்கும். தண்ணீர் சூடாகிவிட்டால் அரக்கு இளகிக் கட்டியாகித் துணியெல்லாம் ஒட்டிக்கொள்ளும். வடிகட்டியபின் புளிக் கரைசல் சேர்த்துத் தண்ணீரைப் புளிப்பாக்கி நூலை இறக்குங்கள். இப்போது சூட்டை 85-க்கு ஏற்றலாம். பட்டிலும் கம்பளியிலும்தான் இந்தச் சாயம் தன் முழு அழகைக் காட்டும், பருத்தியில் சோபிக்காது.

மஞ்சள்கள்

மஞ்சள் கிழங்கைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மஞ்சள் தூளில் நூல் நிமிடங்களில் கண்ணைப் பறிக்கும் நிறம் பெறும், படிகாரம்கூட வேண்டாம். வெயில் பட்ட சில நாளில் அது வெளுத்துவிடும். வெளியில் உடுத்துகிற எதற்கும் மஞ்சள் கிழங்கைப் பயன்படுத்தக் கூடாது, பிறருக்கு விற்கிற பொருளில் கண்டிப்பாகக் கூடாது. மூன்று மாதத்தில் நிறம் போன சால்வையைக் கையில் வைத்திருப்பவருக்கு இயற்கைச் சாயம் என்றாலே நம்பிக்கை போய்விடும்.

அதற்கு மாறாகப் பலா மரத்தின் வைரத்தூளைத் தேடிப் போங்கள். பலாவில் கதவோ வீணையோ செய்கிற தச்சுப்பட்டறையில் கேட்டால் ஒரு பை நிறைய அள்ளித் தருவார்கள். இலங்கையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் பௌத்தத் துறவிகளின் ஆடைக்கு நிறம் தந்தது இந்த மரம்தான். நூலின் எடைக்குச் சமமாகத் தூளை எடுத்து, ஒரு மணி நேரம் காய்ச்சி, நன்றாக வடிகட்டுங்கள். தூள் நூலில் ஒட்டினால் உதறி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பொன்மஞ்சள் கிடைக்கும்.

செண்டுமல்லி ஆயுத பூஜைக்கு மறுநாள் கடைவீதியெல்லாம் வாடிக் கிடக்கும். 100 கிராம் நூலுக்கு 300 கிராம் பூ. காம்பை நீக்கிக் காய்ச்சி வடிகட்டி, 80 டிகிரியில் முக்கால் மணி நேரம் வைத்தால் போதும். அதிக நேரம் வைத்தால் பச்சையும் பழுப்பும் கலந்து மந்தமாகும். வெங்காயத் தோல் என்றால் 40 கிராம். செம்பு கலந்த பொன்நிறம் வரும். வெயிலுக்குச் செண்டுமல்லி அளவுக்குத் தாங்காது என்பதால் கையுறை, குல்லாய் போன்ற சின்ன உருப்படிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழுப்பும் சாம்பலும்

நீலகிரியில் பழுப்புக்குப் பஞ்சமே இல்லை. சீகை மரப்பட்டையும் தைலமர இலையும் தேயிலைக் கழிவும் கண்ணில் படுகிற இடமெல்லாம் கிடக்கின்றன. தோல் பதனிடும் துவர்ப்புச் சத்துக்காகவே சீகையை இந்த மலையில் வளர்த்தார்கள். துவர்ப்புள்ள இந்தச் சாயங்களுக்குக் கம்பளியில் படிகாரம்கூடத் தேவையில்லை. காய்ச்சி, வடிகட்டி, நூலை இறக்கினால் பழுப்பு வந்துவிடும்.

சாம்பல் நிறத்துக்கு, பழுப்பேறிய நூலை அன்னபேதித் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி எடுங்கள். 100 கிராம் நூலுக்கு 2 கிராம் போதும். மாதுளைத் தோலில் சாயம் போட்ட நூல் இந்தத் தண்ணீரில் கருஞ்சாம்பலாகும், செண்டுமல்லி நூல் ஆலிவ் பச்சையாகும். அன்னபேதி கூடினால் நூல் சொரசொரப்பாகி, நாளடைவில் நைந்து அறும். கடைசியாக, குறைவாக, குறுகிய நேரத்துக்கு என்பதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். அன்னபேதி பட்ட பாத்திரத்தைத் தனியாக வைத்துவிடுங்கள். ஓரத்தில் ஒட்டிய கொஞ்சம் இரும்பே அடுத்த மஞ்சளைக் கெடுத்துவிடும்.

அவுரி

நீலத்துக்கு அவுரியைத் தவிர வேறு செடி இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் இன்றும் அவுரி பயிரிட்டுக் கட்டியாகவும் பொடியாகவும் செய்கிறார்கள். அவுரி தண்ணீரில் கரையாது. ஆக்சிஜன் நீங்கிய காரக் கரைசலில்தான் கரைந்து நூலுக்குள் போகும். காற்றுப் பட்டதும் மறுபடி கரையாத நீலமாகி உள்ளேயே தங்கிவிடும். படிகாரம் இங்கே வேண்டாம்.

கம்பளிக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. பருத்திக்காரர்களின் சுண்ணாம்புத் தொட்டி கம்பளிக்குக் கடுமையானது. காரம் அதிகமானால் நூல் கரையவே தொடங்கும். ஆகவே தாய்க் கரைசலைத் தனியே செய்து, அதை நீர்த்துப் பயன்படுத்துவதுதான் பாதுகாப்பான வழி. பிரெஞ்சுச் சாயக்கலைஞர் மிஷேல் கார்சியா பரப்பிய எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. அவுரிப் பொடி 1 பங்கு, நீற்றிய சுண்ணாம்பு 2 பங்கு, ஃபிரக்டோஸ் என்கிற பழச்சர்க்கரை 3 பங்கு. இவற்றை ஒரு பெரிய கண்ணாடி ஜாடியில் வெந்நீரில் கலக்கி, ஜாடியைச் சூடான இடத்தில் வையுங்கள். சில மணி நேரத்தில் மேலே செம்பு மின்னுகிற ஏடு படரும். அதை விலக்கிப் பார்த்தால் கீழே தண்ணீர் தெளிந்த தேன்பச்சையாக இருக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் இன்னும் தயாராகவில்லை. இன்னும் கொஞ்சம் சூடும் பழச்சர்க்கரையும் கேட்கிறது.

50 டிகிரித் தண்ணீர் நிரம்பிய வாளியில் ஒரு சிட்டிகை பழச்சர்க்கரை சேர்த்து, ஜாடியின் தெளிவிலிருந்து ஒன்றிரண்டு கோப்பையைத் தெறிக்காமல், வாளியின் ஓரமாகச் சரித்து ஊற்றுங்கள். அடியில் தங்கிய சுண்ணாம்பு வரக் கூடாது. காரத்தை pH தாளில் பாருங்கள். 9-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் நல்லது. ஊறிய நூலைப் பிழிந்து, காற்றுக் குமிழி இல்லாமல் மெல்ல இறக்கி, அசைக்காமல் ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணீருக்குள்ளேயே பிழிந்து வெளியே எடுக்கும்போது நூல் இளம் வாழையிலைப் பச்சையாக இருக்கும். கையில் பிடித்தபடியே பார்த்துக்கொண்டிருந்தால், மடிப்புகளின் விளிம்பில் முதலில் நீலம் எட்டிப் பார்க்கும். அங்கிருந்து உள்நோக்கிப் பரவி, பச்சை திட்டுகளாகச் சுருங்கி, ஒன்றிரண்டு நிமிடத்தில் சிட்டம் முழுவதும் நீலமாகிவிடும். பச்சைத் திட்டு மறைய மறுக்கிற இடத்தை விரலால் பிரித்துவிடுங்கள், அங்கே காற்றுப் புகவில்லை. 15 நிமிடம் காற்றாட விட்டு மறுபடி முக்குங்கள். அடர்த்தி வேண்டுமானால் முக்குகிற தடவையைக் கூட்டுங்கள், ஜாடியின் கரைசலைக் கூட்டாதீர்கள்; ஒரே முக்கில் ஏறிய நீலம் கழுத்திலும் கையிலும் ஒட்டும். கடைசியில் அலசி, கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்தால் எஞ்சிய காரம் அடங்கும்.

பச்சைக்கு, முதலில் அவுரியில் வெளிர் நீலம் ஏற்றி, கழுவி, பிறகு படிகாரமும் பலாத்தூளும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். படிகாரம் ஏற்றிய நூலை அவுரியின் காரத்தில் முக்குவது நல்லதல்ல.

நிறம் நிற்கிறதா என்று பார்ப்பது

நூலை அண்டாவிலேயே ஆறவிட்டு, அதே சூட்டுத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். சாயத் தண்ணீர் கொஞ்சம் வடியும். அலசுகிற தண்ணீர் தெளிகிறவரை விடாதீர்கள். சலவைச் சோடா கலந்த துணித்தூளில் துவைத்தால் மஞ்சிட்டி ஊதாவாகத் திரும்பும். பூந்திக்கொட்டைதான் இவற்றுக்கு ஏற்றது. வாங்குகிறவர்களுக்கும் ஒரு சீட்டில் இதை எழுதிக் கொடுங்கள்.

ஒவ்வொரு முறை சாயம் போட்டபோதும் ஒரு விரல் நீள நூலை அட்டையில் சுற்றி, எதில், எத்தனை கிராம், எத்தனை டிகிரி, எந்தத் தண்ணீர் என்று பின்னால் எழுதுங்கள். அட்டையின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழுகிற ஜன்னலில் ஒரு மாதம் வையுங்கள். பிறகு தாளை எடுத்தால், உங்கள் தோட்டத்துச் செடி, உங்கள் தண்ணீர், உங்கள் கைக்கு எது நிற்கிறது என்று அட்டையே சொல்லும். எந்தப் புத்தகத்தையும்விட அந்த அட்டைகளை நம்புங்கள், இந்தப் புத்தகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய முழு நூலையும் ஒரே அண்டாவில், ஒரே தடவையில் சாயம் போட்டுவிடுங்கள். இயற்கைச் சாயத்தில் அதே நிறத்தை மறுபடி பிடிப்பது கடினம்.

முன்பு எடுத்து வைத்த, அறுகிற ரோமத்தில் ஃபெல்ட் செய்யலாம். மூங்கில் பாயில் மெல்லிய அடுக்குகளாக, ஓர் அடுக்கு நெடுக்கு, அடுத்தது குறுக்கு என்று பரப்பி, சுடு சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயோடு சுருட்டி உருட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு சுருங்கும் என்று கணக்கு வைத்து அந்த அளவுக்குப் பெரிதாகப் பரப்புங்கள். செருப்புக்குள் போடுகிற அட்டை, சட்டிக்கடியில் வைக்கிற தாங்கி எல்லாம் இதில் ஆகும். முன்பு இறுகிப்போனதாகப் புலம்ப வைத்த குணம்தான் இங்கே வேலைக்கு வருகிறது.

கழுவாத ரோமத்தையும் அழுக்கேறிய கம்பளியையும்தான் அந்துப்பூச்சி விரும்பித் தின்னும். சாயம் போட்ட சிட்டங்களை நன்றாக உலர்த்தி, பருத்திப் பையில் வசம்பும் காய்ந்த வேப்பிலையும் சேர்த்துக் கட்டி வையுங்கள். மலையில் ஆடி, ஆவணி ஈரத்தில் பூசணம் பிடிக்கும். ஆகவே மாதம் ஒருமுறை பையை அவிழ்த்து, வெயில் காய்கிற திண்ணையின் நிழலில் உதறிப் பரப்பி, மாலையில் மறுபடி கட்டிவையுங்கள்.